ரோடு பைக் எடுக்கலாமா? அவசரம், ஞாயிறோடு ஆஃபர் முடிகிறது!

புதுமிதி – வெள்ளி, இரவு 10:42
வணக்கம். ரோடு பைக் வாங்கப் போகிறேன், முதல் தடவை. பக்கத்துக் கடையில் 42,000 போட்டிருந்ததை 31,000-க்குத் தருகிறார்கள், ஞாயிறு வரைதான். எடுக்கலாமா வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

கிக்கர் – 10:50
ஆர்.சி. புக், இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருக்கிறதா? எத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டி?

புதுமிதி – 10:52
மோட்டார் பைக் இல்லைங்க, சைக்கிள். வளைந்த ஹேண்டில் வைத்தது.

கிக்கர் – 10:53
சைக்கிளுக்கா 31 ஆயிரம்? சரி, நான் கிளம்புகிறேன்.

முட்டுக்காடு காற்று – 10:58
எந்த ஊர்? உங்கள் உயரம்? என்ன மாடல், என்ன கியர் செட், டயர் அகலம் எவ்வளவு, ஃபிரேம் சைஸ் என்ன? விலையை மட்டும் சொன்னால் எப்படி?

பழைய செயின் – 11:15
மாதத்துக்கு நாலு பேர் இப்படி வருகிறார்கள். "எடுக்கலாமா" என்றால் நாங்கள் கிளியை விட்டுச் சீட்டு எடுக்கவா முடியும்? முதலில் 200 கிலோமீட்டர் பிரெவே (நேரக் கெடு வைத்த நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஒன்றைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு வாருங்கள். அப்புறம் தானாகவே புரியும் எது வேண்டும் என்று.

முட்டுக்காடு காற்று – 11:17
சைக்கிள் வாங்காமல் எப்படி அண்ணே முடிப்பார்? நடந்தா?

கொண்டை ஊசி – 11:31
கியரைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். முன்னால் 50, 34 பல் சக்கரங்கள், பின்னால் பெரிய பல் சக்கரத்தில் 32 பல்லாவது இருக்க வேண்டும். நான் 28 பல்லோடு கொல்லிமலை போனேன். 70 வளைவில் பாதிகூட வரவில்லை, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன். எதிரில் வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் கையசைத்தார்கள், அதுதான் இன்னும் மறக்கவில்லை.

புதுமிதி – சனி, காலை 7:05
சென்னை, வேளச்சேரி. மேடு என்றால் எங்களுக்கு ஃப்ளைஓவர்தான். உயரம் 163. கியர் செட் ஷிமானோ கிளாரிஸ், டயர் 25 மி.மீ. என்று எழுதியிருக்கிறது. சனி, ஞாயிறு காலையில் ஈ.சி.ஆர். போக வேண்டும். இரண்டு வாரமாக நண்பனின் சைக்கிளில் பழகுகிறேன்.

தார் ரோடு – 7:20
25-ஆ? வேண்டவே வேண்டாம். வேளச்சேரி சாலையில் மழைக்காலத்தில் அந்த டயரோடு போனால் பல்லும் சேர்ந்து ஆடும். 28-க்குக் குறைந்து எடுக்காதீர்கள், 32 கிடைத்தால் இன்னும் நல்லது.

பழைய செயின் – 7:44
இருபது வருடமாக 23-ல் ஓட்டுகிறேன். பல் எல்லாம் இருக்கிறது. 32 வேண்டுமென்றால் பால்காரர் சைக்கிள் வாங்கிக்கொள்ளலாம்.

தார் ரோடு – 7:51
டூர் டி பிரான்சில் ஓட்டுகிறவர்களே 28-க்கும் அதற்கு மேலும் போய்விட்டார்கள். கரடுமுரடான சாலையில் கல்லு மாதிரி காற்றடித்த ஒல்லி டயர் குதிக்கும். குதிக்கிற ஒவ்வொரு தடவையும் உங்கள் உழைப்பு வீண். அகல டயரில் காற்றைக் குறைத்து வைத்தால் அது பாட்டுக்கு உருளும்.

பழைய செயின் – 8:02
அவர்கள் சைக்கிளும் நம் சைக்கிளும் ஒன்றா? சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் வைத்த ஃபிரேம் பலவற்றில் 28-க்கு மேல் டயர் உள்ளேயே போகாது. வாங்கியவர் கடைசியில் ரம்பம் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

முட்டுக்காடு காற்று – 8:10
டயரை விடுங்கள், அதை நாளைக்குக்கூட மாற்றிக்கொள்ளலாம். தம்பி, ஃபிரேம் சைஸ் இன்னும் சொல்லவில்லை.

(இதற்குப் பிறகு 23-க்கும் 32-க்கும் நடுவே பதினோரு பதில்கள்.)

புதுமிதி – சனி, இரவு 9:36
ஆபீஸ் வேலை, மன்னிக்கவும். சீட் குழாயில் 56 என்று ஒட்டியிருக்கிறது. இந்த ஒன்றுதான் மிச்சமாம், அதனால்தான் ஆஃபர். கொஞ்சம் எட்டிப் பிடிக்கிற மாதிரி இருந்தது, ஸ்டெம் (ஹேண்டிலை ஃபிரேமோடு சேர்க்கும் துண்டு) மாற்றித் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். இன்னொன்று, நண்பனின் சைக்கிளில் அரை மணி நேரத்தில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகின்றன. பழகினால் சரியாகிவிடும்தானே? (அவன் என்னைவிட ஒரு தலை உயரம்.)

முட்டுக்காடு காற்று – 9:58
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! 163-க்கு 56 ரொம்பப் பெரிது. எடுக்காதீர்கள்.

இப்போதே ஒன்று செய்யுங்கள். செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவில் வைத்து, முதுகுப் பக்கம் மேலே இருக்க, சீட்டில் உட்கார்ந்தது போல அழுத்தமாக மேலே தள்ளுங்கள். அதன் விளிம்பு சுவரில் தொடும் இடத்தில் பென்சில் கோடு. தரையிலிருந்து அந்தக் கோடு வரை சென்டிமீட்டரில் அளந்து 0.67-ஆல் பெருக்கினால் ஃபிரேம் சைஸ் ஏறக்குறைய வரும்.

ஸ்டெம்மைக் குட்டையாக்கினால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மிச்சம், அதற்கு மேல் போனால் ஹேண்டில் வெடவெடக்கும். எட்டிப் பிடிக்கும்போது உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்குகிறது. சுண்டு விரல் பக்கம் போகும் நரம்பு அங்கேதான் நசுங்குகிறது. அதைப் பழக்கிக்கொள்ளக் கூடாது.

புதுமிதி – 10:14
75 வந்தது. அப்படியானால் 50-ஆ? கடைக்காரர் வேறு மாதிரி சொன்னாரே.

பழைய செயின் – 10:20
கடைக்காரரிடம் 56 மட்டும்தானே இருக்கிறது, அவர் வேறு என்ன சொல்வார்? 50 அல்லது ஒரு சைஸ் முன்பின். ஏறி உட்கார்ந்து பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் முட்டுக்காடு காற்று சொல்வது சரி.

கொண்டை ஊசி – 10:33
50 எடுக்கும்போது பின்னால் 32 பல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

புதுமிதி – செவ்வாய், இரவு 8:11
வேறு கடையில் 50 எடுத்துவிட்டேன், 38,500. ஞாயிறு முட்டுக்காடு வரை போய் வந்தேன், விரல் மரக்கவில்லை. எல்லாருக்கும் நன்றி. ஒரே பிரச்சினை, பெட்ரோல் பங்கில் காற்றுக் குழாய் முனை சேரவே இல்லை. ட்யூப் டிஃபெக்டா? திருப்பிக் கொடுக்கலாமா?

முட்டுக்காடு காற்று – 8:25
டிஃபெக்ட் இல்லை. அது பிரெஸ்டா வால்வு. மூடியைக் கழற்றினால் உச்சியில் குட்டியாக ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தி விரலால் ஒரு தட்டு தட்டுங்கள், புஸ்ஸென்று வரும். பிறகு பம்பை மாட்டுங்கள். பங்க் குழாய்க்குச் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று வேண்டும். அதைவிட, மீட்டர் வைத்த பம்ப் ஒன்று வீட்டுக்கு வாங்கிவிடுங்கள், இந்த மாதிரி டயர் வாரா வாரம் காற்று கேட்கும். எவ்வளவு அடிப்பது என்பது உங்கள் எடையைப் பொறுத்தது. அதையும் நீங்கள் சொல்லவில்லை.

தார் ரோடு – 8:40
எல்லாம் சரி, புது வண்டியில் டயர் எத்தனை?