'கிராஸ் ரெஃபரன்ஸ்': குறுக்குக் குறிப்பா, உட்சுட்டா?

வணக்கம்.

ஆவணம் எழுதும் மென்பொருளின் மெனுச் சொற்களைத் தமிழாக்குவது பற்றி. ஃபுட்நோட்டுக்கு 'அடிக்குறிப்பு' நிலைத்துவிட்டது, தொட வேண்டாம். எண்ட்நோட்டுக்கு 'இறுதிக்குறிப்பு' போதும். சிக்கல், ஆவணத்தின் ஓரிடத்திலிருந்து அதன் வேறோரிடத்தைச் சுட்டும் கிராஸ் ரெஃபரன்ஸில்தான். 'குறுக்குக் குறிப்பு' என்றால் அதுவும் அடியில் வரும் ஒருவகைக் குறிப்பு என்றே தோன்றும். அது குறிப்பே அன்று. "பக்கம் 42 காண்க" என்பதில் அந்த 42-ஐ நாம் அடிப்பதில்லை. மென்பொருள் கணக்கிட்டு நிரப்பும் புலம் அது.

லிப்ரெஆபிஸ் ரைட்டர் என்ற மென்பொருளில் இதற்கு இரண்டு படி. போய்ச்சேர வேண்டிய இடத்தைத் தெரிவுசெய்து பெயரிடுவது ஒன்று, வேறோரிடத்தில் அதைச் சுட்டும் புலத்தைச் செருகுவது மற்றொன்று. தலைப்புகளும் அடிக்குறிப்புகளும் பட்டியலில் தாமே வந்துவிடும். இரண்டாம் படிக்குக் 'குறிப்பைச் செருகு' என்று பெயரிட்டால், அடிக்குறிப்பு போட வந்தவர் அதைத்தான் அழுத்துவார்.

வேர்டில் ஒரே அடிக்குறிப்பை இரண்டிடத்தில் காட்டவும் இதுவே வழி. அடிக்குறிப்பு 3-ஐ மறுபடி சுட்டியிருக்கிறோம். அதற்கு முன்னால் புதிதாக ஒன்றைச் செருகினால் மூலம் உடனே 4 ஆகிவிடும், சுட்டிய இடம் 3-லேயே நிற்கும். கண்ட்ரோல்+ஏ, பிறகு எஃப்9 அழுத்தினால்தான் மாறும். அதுவும் உடற்பகுதிக்கு மட்டும். அடிக்குறிப்புக்குள் இருக்கும் புலங்களுக்கு, அங்கே கர்சரை வைத்து மறுபடி செய்ய வேண்டும். தலைப்பை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாக அடித்தால் அதில் மறைந்திருக்கும் புக்மார்க்கும் (அந்த இடத்தை மென்பொருளுக்கு அடையாளம் காட்டும் குறி) போய்விடும். அடுத்த புதுப்பிப்பில் பிழைச்செய்தி வரும். நாம் ஆக்கும் சொல் அந்தச் செய்தியிலும் பொருந்த வேண்டும்: "உட்சுட்டின் இலக்கு இல்லை."

'அகச்சுட்டு' வேண்டாம், அவன், இவன் என்பவற்றுக்குப் பள்ளி இலக்கணத்தில் உள்ள பெயர் அது. நன்னூல் சொல்லும் நூலெழுதும் உத்திகளில் 'உரைத்தும் என்றல்', 'உரைத்தாம் என்றல்' என இரண்டு உண்டு. பின்னால் சொல்வோம், முன்னால் சொன்னோம் என்று நூலுக்குள்ளேயே கைகாட்டுவது. நமக்கு வேண்டிய கருத்து அச்சொட்டாக அதுதான், ஆனால் மெனுவில் இடம்கொள்ளாது. ஆகவே உட்சுட்டு.

---

வணக்கம் ஐயா.

உட்சுட்டு எனக்கும் சரி. மவுஸைச் 'சுட்டி' என்பவர்கள் இருப்பதால், 'உட்சுட்டி' என்று எங்கும் நழுவாமல் பார்க்க வேண்டும்.

உதவிப் பக்கத்தில் ஒன்று அவசியம். புலம் எண்ணைத் தந்தால் தொல்லையில்லை. '42ஆம் பக்கத்தில்' என்று உருபை வெளியே அடித்துவிடலாம். தலைப்பின் சொற்களைத் தரும்போதுதான் தமிழ் உடைகிறது. புலம் 'புணர்ச்சி விதிகள்' என்று நிரப்பும், நாம் பக்கத்தில் 'இல்' என்று அடித்தால் 'விதிகள்இல்' என்று நிற்கும். புலத்துக்குள் கைவைத்து 'விதிகளில்' எனத் திருத்தினாலும் அடுத்த எஃப்9-இல் பழையபடி ஆகிவிடும். எனவே தலைப்பை மேற்கோள்குறிக்குள் விட்டு, "'புணர்ச்சி விதிகள்' என்ற பகுதியில்" என எழுதச் சொல்வோம். உருபு 'பகுதி'யில் ஏறிக்கொள்ளும்.

சேருமிடத்துக்குச் 'சுட்டிலக்கு' என்று வைக்கலாமா?