மணிக்கு ஊசி போடலாமா? அம்மா பாவம்ங்கறாங்க

மணி வீட்டுக்காரன்:
எங்க மணி நாட்டு நாய்ங்க, தங்கச்சி தெருவுல இருந்து குட்டியா தூக்கிட்டு வந்தா, இப்ப 13 வயசு. நாலு மாசமா கிட்னி பிரச்சனை, கிட்னி வடிகட்டாம ரத்தத்துல தேங்குற கழிவு, கிரியேட்டினின், 6.8, நாலாவது ஸ்டேஜ்னுட்டார் டாக்டர். தினமும் தோலுக்கு அடியில ஆர்.எல். குளுகோஸ் பாட்டில் மாதிரி உப்புத்தண்ணி ஏத்துறோம். மூணு நாளா தயிர்சாதத்தைக் கூட மோந்து பாத்துட்டு திரும்பிக்குது, வாயெல்லாம் புண்ணு, நேத்து எந்திரிக்க முடியாம படுத்த இடத்துலயே ஒண்ணுக்கு போயிட்டு என்னைப் பாத்து தலையை தொங்கப் போட்டுக்கிச்சு. டாக்டர் வலியில்லாம போறதுக்கு ஊசி போட்டுடலாம், யோசிச்சு சொல்லுங்கன்னார். அம்மா வாயில்லா ஜீவன், அதுவா போகட்டும், நாம ஏன் கொன்ன பாவத்தை கட்டிக்கணும்னு அழறாங்க. பேர் சொல்லி கூப்பிட்டா இன்னும் வாலாட்டுதுங்க, வாலாட்டுற நாய்க்கு எப்படிங்க ஊசி போடறது?

லேப் அம்மா:
தம்பி, எங்க லேப்ரடார் நாய்ப் பொண்ணுக்கும் கிட்னிதான். நானும் உங்க அம்மா மாதிரி தூக்கத்துலயே போயிடும்னு காத்துட்டு இருந்தேன், அப்படி போகல. யூரியா ஏறி ஓயாம வாந்தி, கடைசி ராத்திரி ஃபிட்ஸ் மேல ஃபிட்ஸ், விடியகாலை மூணு மணிக்கு எந்த டாக்டரும் போன் எடுக்கல. வாலாட்டுறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க, அவ ஃபிட்ஸுக்கு நடுவுலயும் எனக்கு வாலாட்டினா.

வேப்பேரி வெட்னரி காலேஜ் ஃபைனல் இயர்:
ப்ரோ, வில்லலோபோஸ்னு ஒரு அமெரிக்க கால்நடை டாக்டர் போட்ட மார்க் முறை ஒண்ணு இருக்கு. வலி, பசி, உடம்புல நீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளை விட நல்ல நாள் அதிகமா, இந்த ஏழுக்கும் பத்து பத்து மார்க். வலி இல்லன்னா பத்து, தாங்க முடியலன்னா சைபர், அப்படி. மொத்தம் 35க்கு மேல இருந்தா வெச்சு பாத்துக்கலாம்னு கணக்கு. நீங்களும் அம்மாவும் தனித்தனியா போடுங்க, ஒருத்தர் பேப்பரை ஒருத்தர் பாக்காதீங்க.
ஊசின்னா முதல்ல மயக்க மருந்து குடுக்க சொல்லுங்க, அது நல்லா தூங்கின பிறகுதான் நரம்புல அடுத்தது, அதுவும் அனஸ்தீசியா மருந்தோட ஓவர்டோஸ்தான், கொஞ்ச நேரத்துல மூச்சும் இதயமும் நின்னுடும். கண்ணு மூடாது, ஒண்ணுக்கு போகலாம், நின்ன பிறகும் ஒரு மூச்சு இழுக்கலாம், உயிர் இருக்குன்னு அர்த்தம் இல்ல. அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, இல்லன்னா பதறிடுவாங்க.

கீழ்வீட்டு தாத்தா:
எல்லாரும் ஊசி ஊசின்னா எப்படிப்பா. எங்க வீட்டுக் கிழட்டு நாய்க்கு வாந்தி நிக்க மருந்து குடுத்து, ரெண்டு மணிக்கொருக்க புரட்டிப் போட்டு, வீட்லயே பாத்துக்கிட்டோம், அமைதியா போனான். ஆனா அவனுக்கு வயசுதான், இந்த மாதிரி கிட்னி இல்ல, அதையும் சொல்லிடறேன். மனுஷ வலி மாத்திரை மட்டும் குடுத்துடாதே, ஐபுப்ரோஃபன்லாம் இருக்கிற கிட்னியையும் முடிச்சிடும். ஊசி போட்டு தோட்டத்துல புதைக்கிறதா இருந்தா நல்லா ஆழமா தோண்டு, மருந்து உடம்புலயே இருக்கும், வேற நாய் தோண்டித் தின்னா அதுவும் போயிடும்.

மணி வீட்டுக்காரன்:
மார்க் போட்டோம். என்னோடது 14, அம்மாவோடது 19, சந்தோஷத்துக்கு மட்டும் எட்டு போட்டிருக்காங்க, ஏம்மான்னா நான் பக்கத்துல உக்காந்தா சந்தோஷமாத்தானடா இருக்குதுங்கறாங்க. அப்புறம் ரொம்ப நேரம் பேப்பரையே பாத்துட்டு டாக்டரை வீட்டுக்கு வரச் சொல்லுன்னாங்க. நாளைக்கு காலைல பத்து மணிக்கு வர்றார். நாலு மாசமா குடுக்கக்கூடாதுன்னு வெச்சிருந்த ஈரலை வாங்கிட்டு வரச் சொல்லி இப்ப வேகவெச்சிட்டு இருக்காங்க, தின்னுதோ இல்லையோ, மோந்தாவது பாக்கட்டும்னு.