அம்மாவின் புதைந்த ஞானப்பல்: பெங்களூரில் யாரிடம் எடுப்பது?

வணக்கம். அல்சூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 58, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கீழ்த்தாடையில் வலப்பக்க ஞானப்பல் எலும்புக்குள் படுத்தபடி புதைந்திருக்கிறது. போன மாதத்திலிருந்து ஈறு அடிக்கடி வீங்குகிறது, வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை. கஞ்சிதான் சாப்பாடு. பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

பக்கத்துத் தெரு பல் டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக் முடிந்ததும் வீக்கம் திரும்பி வந்துவிட்டது. உப்புத் தண்ணீரில் தினமும் கொப்பளிக்கிறார். தாடை முழுவதையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயில் பல்லின் வேர் தாடை நரம்பை ஒட்டித் தெரிகிறது. அதில் அடிபட்டால் கீழ் உதடும் மோவாயும் மரத்துப்போகலாம், சிலருக்கு அது சரியாகாமலே போகலாம். பக்கத்துத் தெரு டாக்டர், பல்லைத் தானே எடுத்துவிடுவதாகச் சொல்கிறார். இன்னொரு டாக்டரோ, தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்துக்கொண்டு முக அறுவை நிபுணரிடம் போகச் சொல்கிறார்.

எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. பல் மருத்துவப் பட்டப்படிப்பான பிடிஎஸ், பயிற்சியோடு சேர்த்து 5 வருடம். அதற்கு மேல் 3 வருடம் வாய், தாடை, முக அறுவையில் எம்டிஎஸ் என்ற மேற்படிப்பை முடித்தவர்களுக்குப் புதைந்த பல், தாடை முறிவு, கட்டி இதெல்லாம் அன்றாட வேலை. வேர் சிகிச்சைக்கும் பல் வரிசை சீராக்கவும்கூட எம்டிஎஸ் உண்டு என்பதால், போர்டில் அந்த மூன்றெழுத்தை மட்டும் பார்த்துப் போக முடியாது.

விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்து அரசு பல் மருத்துவக் கல்லூரியின் அறுவைப் பிரிவில், சர்க்கரை உள்ள யாருக்காவது இப்படி நரம்பை ஒட்டிய பல்லை எடுத்த அனுபவம் உண்டா?