குண்டுக்கரிச்சானைக் கொல்லாமல் அதன் நிறமூர்த்தங்களைப் பார்க்க முடியுமா?

கேள்வி (விலங்கியல் மாணவி, வந்தாறுமூலை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வளவுகளில் விடியற்காலையில் பாடும் குண்டுக்கரிச்சானின் நிறமூர்த்தங்களை (கலத்தின் கருவில் பரம்பரைத் தகவலைச் சுமக்கும் குரோமோசோம்களை) எண்ணி, சோடி சோடியாக அடுக்கிப் பார்ப்பதை இறுதியாண்டு ஆய்வாக எடுக்க விரும்புகிறேன். பறவைகளின் செங்குருதிக் கலங்களில் கரு இருப்பதால், சிறகு நாளத்திலிருந்து ஒரு துளி குருதி எடுத்தாலே போதும் என்று எண்ணுகிறேன். பறவையைக் கொல்ல எனக்குச் சிறிதும் மனமில்லை. இந்த வழி சரிவருமா?

மறுமொழி (ஆய்வுகூடப் பணியாளர், மட்டக்களப்பு)

தங்கைக்கு, அந்தத் துளி டீ.என்.ஏ. பிரித்தெடுக்கத் தாராளமாகப் போதும். நிறமூர்த்தங்களைக் காண உதவாது. முதிர்ந்த செங்குருதிக் கலம் மேலும் பிரிவதில்லை. நிறமூர்த்தங்கள் தடித்துத் தனித்தனியே தெளிவாகத் தெரிவதோ பிரியும் கலத்தின் அனுவவத்தையில்தான் (அவை கலத்தின் நடுவில் வரிசையாகும் கட்டத்தில்). ஆகவே வளர்ந்துகொண்டிருக்கும் இறகொன்றை எடுங்கள். அதன் அடித்தண்டு கருநீலமாக, உள்ளே குருதியும் மென்சதையும் நிறைந்து இருக்கும். அச்சதையை நறுக்கி, கொல்சிசின் சேர்த்த கரைசலில் உடல் வெப்பநிலையில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் வைத்தால், நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுத்துப் பிரிக்கும் கதிர்நார்கள் உருவாகாமல் தடைப்பட்டு, பிரியும் கலங்கள் அனுவவத்தையிலேயே நின்றுவிடும். பின்பு 0.075 மோலர் பொற்றாசியம் குளோரைட்டில் கலங்களை வீங்கச் செய்து, மெதனோலும் அசற்றிக்கமிலமும் 3:1 விகிதத்தில் கலந்த கரைசலில் நிலைப்படுத்தி, கண்ணாடி வழுக்கியில் துளித்துளியாக விட்டு, ஜிம்சாச் சாயம் ஏற்றுங்கள். கலங்கள் உயிரோடிருக்கும்போதே கொல்சிசின் சேரவேண்டும் என்பதால், இறகைக் காகித உறையிலிட்டு மறுநாள் கொண்டுவருவதில் பயனில்லை.

மறுமொழி (உயிரியல் ஆசிரியர், கல்முனை)

முறை சரியானது, எண்ணுவதுதான் கடினம். கோழிக்கு 78 நிறமூர்த்தங்கள். பல பறவைகளில் எண்ணிக்கை 80ஐ அண்டியே இருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை நுணுக்குக்காட்டியிலும் வெறும் புள்ளிகளாகத் தெரியும் நுண் நிறமூர்த்தங்கள் என்பதால், சாயத் துகளையும் சேர்த்து எண்ணிவிட இடமுண்டு. பல கலங்களை எண்ணி, அடிக்கடி வரும் எண்ணையே ஏற்றுக்கொள்ள வேண்டும். முதலில் ஊர்க்கோழி முட்டையை ஐந்தாறு நாள் அடைவைத்து, அதன் முளையத்தில் கைபழகுங்கள் (பண்ணை முட்டைகள் பெரும்பாலும் கருக்கட்டாதவை). விடை முன்கூட்டியே தெரிந்திருப்பதால் பிழை உடனே வெளிப்படும். பின்பு குண்டுக்கரிச்சானில் ஆண், பெட்டை இரண்டையும் பாருங்கள். பாலைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தங்களாக ஆணுக்கு இரண்டு இசட்டும், பெட்டைக்கு ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும் உண்டு. இப்பறவையின் இலங்கைப் பெட்டை இந்தியப் பெட்டையைவிடக் கருமை மிகுந்தது என்பதால், கருநிற ஆணோடு குழம்ப இடமுண்டு. தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் பால் குறிக்க வேண்டாம்.

மறுமொழி (பறவை ஆய்வாளர், சம்மாந்துறை)

பாடும் பறவைகளுக்கு உரிய முக்கியமான விடயமொன்று விடுபட்டுள்ளது; இத்துறையில் என்னை மிகவும் ஈர்த்ததும் அதுவே. சீப்ரா ஃபிஞ்ச் எனப்படும் அவுஸ்திரேலியச் சிறுபறவையில், உடற்கலங்களில் இல்லாத, புணரிகளை (விந்து, முட்டைக் கலங்களை) ஆக்கும் கலங்களில் மட்டுமே உள்ள மேலதிக நிறமூர்த்தமொன்று 1998இல் அறிவிக்கப்பட்டது. அப்பறவையில் அதுவே எல்லாவற்றிலும் பெரியது. விந்து உருவாகும்போது அது வெளியேற்றப்படுவதால், பெரும்பாலும் தாய்வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. பின்னர் வேறு பல பாடும் பறவை இனங்களிலும் இத்தகைய நிறமூர்த்தம் காணப்பட்டது. இறகில் நீங்கள் எவ்வளவு தேடினாலும் அது கிடைக்காது. விதை (விந்தை உருவாக்கும் உறுப்பு) அல்லது சூலக இழையம் வேண்டும். அதற்காகப் பறவையைக் கொல்லாதீர்கள். தலைப்பிலேயே உடற்கல நிறமூர்த்தங்கள் என்று வரையறுத்துக்கொண்டால், அந்த அளவில் உங்கள் ஆய்வு முழுமையானதே.

வலையிடுவதற்கும் இறகு எடுப்பதற்கும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும். கூடுகட்டும் காலத்தைத் தவிர்த்து, பழைய இறகு உதிர்ந்து புதியது முளைக்கும் பருவத்தைக் குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள்.