ஒரே வீட்டு இணைப்பில் மூன்று கேம் சர்வர்கள்: டாக்கரில் போர்ட் மோதல்

கேள்வி:
16 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியில் டெபியன் லினக்ஸும், நிரல்களைக் கண்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் இயக்கும் டாக்கரும் நிறுவி, இரண்டு மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர்களையும் ஒரு வால்ஹெய்ம் சர்வரையும் தனித்தனிக் கண்டெய்னர்களில் இயக்க முயல்கிறேன். இரண்டாவது மைன்கிராஃப்ட் சர்வரைத் தொடங்கியதும், 25565 என்ற போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற பிழை வருகிறது. ஒவ்வொரு கண்டெய்னருக்கும் தனி ஐபி தரும் மேக்விலான் முறைக்கு மாறிவிடலாமா? இன்னொரு சிக்கலும் உண்டு: ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பைச் சர்வர் கணினிக்குத் திருப்புதல்) செய்த பிறகும் வெளியூர் நண்பர்களால் எந்தச் சர்வரிலும் நுழைய முடியவில்லை.

மறுமொழி 1:
மேக்விலான் தேவையில்லை. அதில் சாதாரண அமைப்பில் ஹோஸ்ட் கணினியே (டாக்கர் ஓடும் கணினி) தன் கண்டெய்னர்களுடன் பேச முடியாது என்பதால், பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதும் நாளில் வருந்துவீர்கள். இரண்டு சர்வர்களும் கண்டெய்னருக்குள் 25565-இலேயே இயங்கலாம். மோதல் ஹோஸ்ட் பக்கத்தில்தான் நிகழ்கிறது. இரண்டாவதற்கு 25566:25565 என்று எழுதுங்கள். இடப்பக்க எண் ஹோஸ்டுக்கும் வலப்பக்க எண் கண்டெய்னருக்கும் உரியவை. சொந்த டொமைன் இருந்தால், அதன் டிஎன்எஸ்-இல் போர்ட் எண்ணைச் சொல்லும் எஸ்ஆர்வி பதிவு ஒன்றைச் சேர்த்துவிட்டால் நண்பர்கள் போர்ட் எண்ணைத் தட்டச்சு செய்யவே வேண்டியதில்லை.

வால்ஹெய்முக்கு இந்த உத்தி பொருந்தாது. அது 2456, 2457 ஆகிய இரண்டு போர்ட்களையும் யுடிபி என்ற தரவு அனுப்பும் முறையில் பயன்படுத்துகிறது. எண்ணுக்குப் பின் சாய்கோடிட்டு யுடிபி என்று குறிப்பிடாவிட்டால் டாக்கர் அதை மற்றொரு முறையான டிசிபி என்றே எடுத்துக்கொள்ளும். நாளை இரண்டாவது வால்ஹெய்ம் சர்வர் சேர்த்தால், சர்வர் தன் போர்ட் எண்ணைத் தானே ஸ்டீமுக்கு அறிவிப்பதால், உள்ளேயும் வெளியேயும் ஒரே புதிய எண்ணை வைப்பதே பாதுகாப்பானது.

மறுமொழி 2:
வெளியூர்ச் சிக்கலுக்கு டாக்கர் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். ரவுட்டரின் வான் (இணையப்) பக்க ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்குகிறதா என்று பாருங்கள். அப்படியானால் உங்கள் இணைப்பு சிஜிநாட்டுக்கு (சேவை நிறுவனமே நடத்தும் முகவரிப் பகிர்வு) பின்னால் இருக்கிறது. ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்வதால், உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை.

கேள்வி கேட்டவர்:
ஆம், 100.72 என்றுதான் தொடங்குகிறது. இரண்டு நாட்களாக ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுமொழி 2:
சேவை நிறுவனத்திடம் கட்டணம் செலுத்திப் பொது ஐபி பெறலாம். நண்பர்கள் நான்கைந்து பேர்தான் என்றால், எல்லோரும் டெயில்ஸ்கேல் (கணினிகளைத் தனி வலையமைப்பாக இணைக்கும் விபிஎன்) நிறுவிக்கொள்வது எளிது. போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்கும் அபாயமும் இல்லை.

மறுமொழி 3:
ரேமையும் கவனியுங்கள். கண்டெய்னருக்கு 4 ஜிபி வரம்பு வைத்து, ஜாவா ஹீப்புக்கும் (நிரலின் தரவுக்கான நினைவகம்) அதே 4 ஜிபியைக் கொடுத்தால், ஹீப்புக்கு வெளியே ஜாவாவுக்குத் தேவைப்படும் நினைவகத்துக்கு இடமிருக்காது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் சர்வரைக் கொன்றுவிடும், லாகில் 137 என்ற வெளியேறும் குறியீடு மட்டும் மிஞ்சும். ஹீப்பை 3 ஜிபிக்குக் குறையுங்கள். நிறுத்தும்போது டாக்கர் இயல்பாக 10 வினாடிகளே பொறுக்கும். பெரிய உலகத்தைச் சேமிக்க அது போதாமல் போகலாம். ஸ்டாப் கிரேஸ் பீரியடை 60 வினாடியாக்கி, உலகக் கோப்புகளை வால்யூமில் (கண்டெய்னரை அழித்தாலும் நிலைக்கும் சேமிப்பிடம்) வையுங்கள். இதை ஒரு கோட்டையை இழந்த பிறகே நான் கற்றேன்.