விட்ரெக்டமிக்குப் பிறகு கண்ணில் ஆடும் கோடு, உடனே உதவி தேவை

கயல்: அப்பாவுக்கு விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை எடுக்கும் ஆபரேஷன்) ஆகி வீட்டுக்கு வந்துவிட்டோம். இன்று காலையிலிருந்து பார்வையின் கீழ்ப்பாதியில் கறுப்பாக ஒரு கோடு, தலையை அசைத்தால் தண்ணீர் மாதிரி தளும்புகிறது என்கிறார். ரெட்டினா (விழித்திரை) கழன்றுவிட்டதா? குப்புறப் படுத்துக் கழுத்து வேறு வலிக்கிறது. அடுத்த வாரம் ஊருக்குப் போகணும். சீக்கிரம் சொல்லுங்கள்.

முகில்: எதற்காக ஆபரேஷன்? மாகுலாவில் (ரெட்டினாவின் நடுப்பகுதி) ஓட்டையா, ரெட்டினா விலகலா, ரத்தக்கசிவா? ரெட்டினாவை அழுத்திப் பிடிக்க உள்ளே வைத்தது வாயுவா, சிலிக்கான் எண்ணெயா?

தேன்மொழி: வாயுக் குமிழி போலத்தான் தெரிகிறது. எனக்கும் முதலில் எல்லாமே மங்கல், குமிழி சுருங்கியதும் இந்தக் கோடு வந்தது. குமிழி கண்ணுக்குள் மேலேதான் மிதக்கும், பிம்பம் தலைகீழாக விழுவதால் நமக்குக் கீழே தெரியும். நாளாக ஆகக் கோடு இறங்கி, சின்ன வட்டமாகி, சிலசமயம் இரண்டு மூன்றாக உடைந்து மறையும். எதற்கும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

செந்தூரன்: எனக்குச் சொட்டு மருந்து மேல்தான் சந்தேகம். ஸ்டீராய்டு சொட்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும்.

முகில்: ஏற்றும்தான், ஆனால் அதனால் கோடு தளும்பாதே.

பழையவன்: டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்தாலே பாதிக் கேள்வி இருக்காது, யாரும் படிப்பதில்லை. குப்புறப் படுப்பதும் பழைய முறை, தேவையே இல்லை.

முகில்: 400 மைக்ரானுக்குக் (0.4 மி.மீ.) குறைந்த மாகுலா ஓட்டைக்குச் சிலர் அப்படிச் சொல்கிறார்கள், சரி. பெரிய ஓட்டைக்கு இன்னும் குப்புறத்தான் படுக்கச் சொல்கிறார்கள். விலகல் என்றால் கிழிசல் இருக்கும் இடத்தைப் பொறுத்து மாறும். எதுவும் தெரியாமல் தேவையில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

பழையவன்: பொதுவாகச் சொன்னேன். இத்தனை வருடமாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தேன்மொழி: அது இருக்கட்டும். கயல், ஊருக்கு எதில் போகிறீர்கள்?

கயல்: விமானத்தில். ஏன்?

தேன்மொழி: தயவுசெய்து வேண்டாம். மேலே காற்றழுத்தம் குறைந்தால் உள்ளே வாயு விரியும், கண் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம். உயரமான மலைப்பாதையும் ஆபத்து. எஸ்எஃப்6 வாயு என்றால் சுமார் 2 வாரம், சி3எஃப்8 வாயு என்றால் 2 மாதம் வரைகூடக் கண்ணில் இருக்கும். அதுவரை நைட்ரஸ் ஆக்சைடு மயக்க மருந்தும் கூடாது. எந்த வாயு என்று எழுதிய பட்டை கையில் கட்டினார்களா?

முகில்: வலி கூடினால், குமட்டினால், ஓரத்திலிருந்து திரை மாதிரி இறங்கினால் ராத்திரி என்றும் பார்க்காதீர்கள், உடனே கிளம்புங்கள்.

கயல்: பட்டையில் சி3எஃப்8 என்று இருக்கிறது. மருத்துவரிடம் பேசியாச்சு, கோடு குமிழிதானாம். டிக்கெட் ரத்து. நன்றி.

முகில்: நல்லது. ஓட்டையா விலகலா? கழுத்து வலிக்கு வழி சொல்ல அது தெரியணும்.