துணைநூற்பட்டியல் கருவியில் தமிழ்ப் பெயர்கள் மாறிவருவது ஏன்?

கேள்வி (ஆய்வு மாணவி):
வணக்கம். ஆய்வேட்டிற்கான துணைநூற்பட்டியலை ஓர் இணையக் கருவியில் தயாரித்தேன். "முருகேசன் க." என்று நான் உள்ளிட்ட பெயரில், தலைப்பெழுத்தைக் குடும்பப்பெயராகக் கருதி, "க., முருகேசன்" என்று அச்சிட்டு, ககர வரிசையில் சேர்த்துவிட்டது. நெறியாளரிடம் நாளை மறுநாள் கொடுக்க வேண்டும். எவ்வாறு திருத்துவது?

மறுமொழி 1:
அம்மா, இக்கருவிகள் குடும்பப்பெயர் உள்ள மேலை மரபை ஒட்டி அமைந்தவை. நம் தலைப்பெழுத்தோ பெரும்பாலும் தந்தை பெயரின் முதலெழுத்து. ஆகவே குடும்பப்பெயருக்கான கட்டத்தில் "முருகேசன்" என்றும், முதற்பெயருக்கான கட்டத்தில் "க." என்றும் நீங்களே பிரித்து இடுங்கள். நிறுவனமே ஆசிரியராக இருந்தால் சோட்டெரோ என்னும் துணைநூற்பட்டியல் மென்பொருளில் பெயரை ஒரே கட்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இல்லையெனில் "நிறுவனம், உலகத் தமிழாராய்ச்சி" என்று வந்து நிற்கும்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரியே. பழைய நூல்களிலும் கவனம் தேவை. நூலை அடையாளங்காட்டும் ஐஎஸ்பிஎன் எண் 1970 அளவில்தான் பன்னாட்டுத் தரமானது என்பதால், அதற்கு முந்தைய பதிப்புகளைக் கருவியில் அவ்வெண்ணைக் கொண்டு தேட இயலாது. மறுபதிப்பின் எண்ணை இட்டாலோ மறுபதிப்பின் ஆண்டே வரும். நீங்கள் கையில் வைத்துப் படித்த பதிப்பின் தலைப்புப் பக்கத்தைப் பார்த்து, ஆண்டையும் பதிப்பகத்தையும் தட்டச்சு செய்வதே நேர்மையான வழி.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. பெயர்கள் சரியாகிவிட்டன, ஆண்டுகளை இன்றிரவு நூல்களோடு ஒப்பிடுகிறேன்.